பொம்மை விசில்

சென்ற இதழில் நண்பர் எழுதிய நாலு பக்கக் கடிதத்தில் இரண்டு வார்த்தைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் பழகிய சரக்கு. தரம், தீவிரம், மரபின் கனம், இளைஞர்களின் அவசரம் என்று ஒவ்வொரு தலைமுறையும் அடுத்ததற்கு எழுதிக்கொடுக்கிற நடத்தைச் சான்றிதழ். அதற்குப் பதில் எழுதுவது காகிதத்துக்குப் பிடித்த கேடு. ஆனால் அந்த இளைஞருடைய கவிதைக்கு வரும்போது நண்பர், சாவைப் பற்றிய கவிதைக்குள் ஒரு 'பொம்மை விசிலை' நுழைத்து ஊதிவிட்டார் என்கிறார். இந்த உவமை அவருக்கே ரொம்பப் பிடித்துப் போயிருக்க வேண்டும். கடிதத்தில் மூன்று முறை வருகிறது.

கவிதையைப் படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். தாத்தாவின் சவ ஊர்வலம். மழை விட்ட தெரு. முன்னால் சங்கு ஊதிக்கொண்டு போகிறவர் சேற்றில் வழுக்குகிறார். விழும்போதும் சங்கை வாயிலிருந்து எடுக்கவில்லை. ஊதின ஓசை அவரோடு சேர்ந்து இறங்குகிறது. கூட்டத்தில் யாரோ சிரிக்கிறார்கள். வாசலில் நிற்கிற பாட்டியும் சிரித்துவிடுகிறாள். அதற்குப் பிறகுதான், அதுவரை அழாமல் இருந்தவள், அழுகிறாள். இருபத்தோரு வரி. உவமை ஒன்றுகூடக் கிடையாது. நண்பருடைய புகார், சாவு வீட்டில் சிரிப்பு எப்படி வரலாம் என்பது. (சாவு வீட்டுக்கு அவர் போனதே இல்லையா என்று கேட்க வேண்டியதில்லை. எல்லோரும் போயிருக்கிறோம்.)

வசவாக ஒரு பொருளின் பெயரைச் சொல்கிறவர் அந்தப் பொருளை ஒரு தடவையாவது கையில் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. அவர் சொல்கிற விசில் எது என்று எனக்குத் தெரியும். ஒரு சாண் குழல், வாய் வைக்கிற இடத்தில் சாதாரண விசிலுக்கு இருக்கிற மாதிரி ஒரு வெட்டு, மறு முனையில் உள்ளே போய் வரும் ஒரு கம்பி. கம்பியை இழுத்தால் சுருதி இறங்கும், தள்ளினால் ஏறும். ஆங்கிலேயர்கள் ஸ்வானி விசில் என்பார்கள். அமெரிக்கர்களுக்கு ஸ்லைட் விசில். பிரெஞ்சுக்காரர்கள் ஃப்ளூட் அ கூலிஸ் என்று கௌரவமாகச் சொல்வார்கள். கார்ட்டூன் படத்தில் பூனை மாடியிலிருந்து விழும்போது கேட்கிற அந்தச் சத்தம்தான். எங்கள் ஊர்ப் பொருட்காட்சியில் வாங்கின பிளாஸ்டிக் விசில் ஒன்று என்னிடம் இருக்கிறது. குழந்தைக்கு என்று சொல்லி வாங்கியது. குழந்தை இரண்டாம் நாளே அதைக் கைவிட்டுவிட்டது. நான் விடவில்லை.

நான் சங்கீதம் படித்தவனல்ல. ஆனாலும் இந்தக் குழலைக் கொஞ்சம் ஊதிப் பார்த்தவனுக்கு ஒன்று உடனே புரியும். இதில் ஸ்வரம் இல்லை. ஸ்வரங்களுக்கு நடுவில் இருப்பது மட்டும்தான் இருக்கிறது. புல்லாங்குழலில் துளை உண்டு, ஹார்மோனியத்தில் கட்டை உண்டு. ட்ராம்போன் இதைப் போலவே சறுக்குகிற வாத்தியம். அதில்கூட ஏழு நிலைகள் என்று கைக்கு ஒரு கணக்கு உண்டு. விசிலில் அப்படி ஒன்றும் கிடையாது. பிஸ்டன் அடைத்த குழல் ஆகையால் அதன் நீளத்தைப்போல நாலு மடங்கு நீளமுள்ள அலை உண்டாகிறது. அதாவது, 20 சென்டிமீட்டர் காற்றுக்குச் சுமார் 430 அதிர்வு. ஒரு ஸ்தாயி மேலே போகக் கம்பியை 10 சென்டிமீட்டர் தள்ள வேண்டும். அதற்கு அடுத்த ஸ்தாயிக்கு 5 போதும். மேலே போகப் போக இடம் குறுகிக்கொண்டே வரும். ஒரு நூல் பிசகினால் அபஸ்வரம். போதாததற்கு மூச்சைக் கொஞ்சம் அழுத்தினாலும் சுருதி ஏறிவிடும். பலமாக ஊதினால் ஒரேயடியாக ஸ்தாயியையும் தாண்டி மேல் பஞ்சமத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். இதில் ஒரு மெட்டைப் பிசகாமல் வாசிப்பதற்கு வேண்டிய காது, பியானோவில் வாசிப்பதற்கு வேண்டியதைவிடக் கூர்மையானது. பியானோவில் சுருதி சேர்க்கிறவன் முன்னாலேயே வந்து வேலையை முடித்துவிட்டுப் போயிருப்பான். விசில்காரனுக்கு அந்த உதவி இல்லை. பொம்மை என்று நாம் சொல்வது இதைத்தான்.

அப்படியானால் சிரிப்பு எங்கிருந்து வருகிறது? சறுக்குவதிலேயே சிரிப்பு இருக்கிறது என்று சொல்ல முடியாது. கோட்டு வாத்தியத்தில் மெட்டு கிடையாது. தந்தியின் மேல் கட்டையை வைத்து இழுத்துக்கொண்டே போகிறார்கள். சபையில் ஒருவரும் சிரிப்பதில்லை, கண்ணை மூடிக்கொள்கிறார்கள். ஜாரு என்று அதற்கு சாஸ்திரத்தில் பெயரே இருக்கிறது. ஐரோப்பிய சங்கீதம் படிக்கட்டு கட்டிக்கொண்டு அதில் ஏறி இறங்கப் பழகிய சங்கீதம். பன்னிரண்டு படி. அங்கே படியை மிதிக்காமல் கைப்பிடிச் சுவரில் சறுக்கி வருகிறவன் ஒன்று குழந்தை, இல்லாவிட்டால் குடிகாரன். ஆகவே சிரிப்பு.

பெர்க்ஸன் 1900-ல் சிரிப்பைப் பற்றி எழுதிய சிறு நூலை நம் வட்டத்தில் எல்லோரும் மேற்கோளாக எடுத்து வீசுகிறார்கள். உயிருள்ளதன் மேல் யந்திரத்தனம் ஒட்டிக்கொள்ளும்போது சிரிக்கிறோம் என்பது அவர் சித்தாந்தம். வழுக்கி விழுகிறவன் விஷயத்தில் அது சரியாக இருக்கலாம். நிமிர்ந்து நடந்தவன் மூட்டையாகிவிடுகிறான். ஆனால் அவன் விழும்போது பக்கத்தில் கேட்கிற விசிலுக்கு அது பொருந்தாது. பன்னிரண்டு கட்டைகளில் டக் டக்கென்று ஏறி இறங்குகிற பியானோதான் யந்திரம். விசில் முனகுகிறது, கொட்டாவி விடுகிறது, கெஞ்சுகிறது. பேச்சுக்கு முந்தைய ஏதோ ஒரு குரல் அது. நாம் சிரிப்பது அடையாளம் கண்டுகொண்டதால் என்று எனக்குப் படுகிறது. இப்படி ஒரு சத்தத்தை நாமே போட்டிருக்கிறோம், போட்டதை மறைத்திருக்கிறோம். பெர்க்ஸனைக் கையில் வைத்துக்கொண்டு நகைச்சுவைக் கவிதைகளை அளக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இனி நண்பர் மதிக்கக்கூடிய ஒரு பெயர். மோரீஸ் ரவெல். அவருடைய 'குழந்தையும் மாயங்களும்' என்ற சிறிய ஆபரா 1925 மார்ச்சில் மான்டி கார்லோவில் அரங்கேறியது. கதையும் வசனமும் கொலெத் எழுதியது. துஷ்டப் பையன் ஒருவன் தேநீர்ப் பாத்திரத்தை உடைக்கிறான், சுவர்க் காகிதத்தைக் கிழிக்கிறான், கடிகாரத்தின் பெண்டுலத்தைப் பிடுங்குகிறான். உடைந்த சாமான்களெல்லாம் எழுந்து பாட ஆரம்பிக்கின்றன. தேநீர்ப் பாத்திரமும் சீனக் கோப்பையும் அமெரிக்க நடன மெட்டுக்கு ஆடுகின்றன. இதற்காக ரவெல் தம் ஆர்கெஸ்ட்ராவில் பாலாடைக்கட்டி துருவுகிற துருவியைச் சேர்த்திருக்கிறார், காற்றுச் சத்தம் போடுகிற யந்திரத்தைச் சேர்த்திருக்கிறார். நம் விசிலையும் சேர்த்திருக்கிறார். துருவி வேடிக்கைக்கு என்று ஒப்புக்கொள்கிறேன். விசில் எங்கே வருகிறது என்பதுதான் முக்கியம்.

இரண்டு பூனைகள் பாஷையே இல்லாமல் மியாவ் மியாவென்று இழுத்துக் காதல் செய்கின்றன. சபையில் சிரிப்பு. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் வீட்டுச் சுவர்கள் விலகிவிடுகின்றன. பையன் தோட்டத்தில் நிற்கிறான். இரவு, நிலவு. பூச்சிகள், தவளைகள், ஆந்தைகள். தந்தி வாத்தியங்கள் தாழ்ந்த சுருதியில் அசையாமல் நிற்க, அதற்கு மேலே எங்கேயோ தொலைவில் அந்த விசில் சறுக்குகிறது. இப்போது யாரும் சிரிப்பதில்லை. ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் சிரித்த அதே காது, அதே சறுக்கலில், இருட்டின் அளவைக் கேட்கிறது. பையன் காயப்படுத்திய மரமும் அணிலும் அவனைச் சூழ்ந்துகொள்ளப் போகிற இடம் இது. கடைசியில் அந்த மிருகங்கள் அவனுக்காக அம்மா என்ற வார்த்தையை உச்சரிக்கக் கற்றுக்கொள்கின்றன. ரவெலின் தாய் 1917-ல் இறந்தார். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடுவது என் வேலையல்ல. ஆனால் அந்த இடத்தைக் கேட்டவர்கள், சாவுக்கு முன்னால் விசில் ஊதக் கூடாது என்று எழுதமாட்டார்கள்.

ரவெல் இந்த விசிலை 'உயர்த்தினார்' என்று நண்பர் அடுத்த கடிதத்தில் சொல்லக்கூடும். அதற்கும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன், அஞ்சல் செலவு மிச்சம். இந்த உயர்த்துகிற வாதம் இலக்கியத்திலும் இருக்கிறது. கொச்சையை எடுத்தாளலாம், ஆனால் அதைக் கொச்சையல்லாததாக மாற்றிவிட வேண்டும் என்கிற வாதம். அதற்கு உதாரணமாகக் காட்டத்தக்கது சாக்ஸபோன். 1910-களில் அமெரிக்கக் கேளிக்கை மேடைகளில் சிக்ஸ் பிரவுன் பிரதர்ஸ் என்ற குழு கோமாளி வேஷத்தில் ஆறு சாக்ஸபோன்களோடு வந்து நின்று சிரிக்க வைத்தது. சாக்ஸபோன் சிரிக்கும், கனைக்கும், அழும். பிறகு 1939-ல் கோல்மன் ஹாக்கின்ஸ் ஒரு பழைய காதல் பாட்டை எடுத்து அதன் மெட்டைப் பெரும்பாலும் விட்டுவிட்டு வாசித்தார். 1964 டிசம்பரில் கோல்ட்ரேன் அதைப் பிரார்த்தனையாக்கினார். நம் பக்கத்தில் கத்ரி கோபால்நாத், 2019-ல் அவர் மறைகிற வரைக்கும், அதில் ராகம் வாசித்தார். ஆக சாக்ஸபோனுக்குப் பதவி உயர்வு கிடைத்துவிட்டது. பதவி உயர்வு என்றால் என்ன என்பது எங்கள் உத்தியோகத்தில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். முதலில் சிரிப்பதை நிறுத்த வேண்டும்.

விசில் எந்தப் பதவி உயர்வும் வாங்கவில்லை. அதனால்தான் அது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ரவெலின் தோட்டத்திலும் அது பொம்மையாகவே இருக்கிறது. பொம்மையாக இருப்பதால்தான் அந்த இடம் அவ்வளவு தனிமையாக ஒலிக்கிறது. ஒரு நல்ல புல்லாங்குழலால் அந்தக் காரியம் நடக்காது.

ஜாஸில் இன்னும் வெளிப்படையாகத் தெரியும். 1917-ல் வெளிவந்த முதல் ஜாஸ் இசைத்தட்டிலேயே கிளாரினெட் சேவல் மாதிரி கூவுகிறது, கார்னெட் குதிரை மாதிரி கனைக்கிறது, ட்ராம்போன் மாடு மாதிரி கத்துகிறது. கோமாளித்தனத்தில் பிறந்த சங்கீதம். 1920-ல் பால் வைட்மன் கோஷ்டி 'விஸ்பரிங்' என்ற பாட்டைப் பதிவு செய்தபோது மெட்டையே ஒரு சுற்று முழுக்க இந்த விசிலிடம் கொடுத்துவிட்டார்கள். தட்டு லட்சக்கணக்கில் விற்றது. அதில் நையாண்டியே கிடையாது. நடன மண்டபத்துக்கு ஏற்ற சர்க்கரைப் பாகு. அதை நான் கலை என்று சொல்லவில்லை.

ஆனால் 1926 ஜூன் மாதம் சிகாகோவில் லூயி ஆம்ஸ்ட்ராங் தம் ஹாட் ஃபைவோடு 'ஹூஸ் இட்' என்ற உருப்படியைப் பதிவு செய்தார். அப்போது கார்னெட்டைக் கீழே வைத்துவிட்டு, ஒரு கோரஸ் முழுவதும் இந்த விசிலை வாசித்தார். யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு உலகத்தில் கார்னெட் வாசிப்பவர்களில் அவருக்கு நிகர் இல்லை. அதே ஆண்டு பிப்ரவரியில்தான் 'ஹீபி ஜீபீஸ்' பாடும்போது வார்த்தைகளை விட்டுவிட்டு வெறும் அசைகளாகப் பாடி, பாடுவது என்றால் என்ன என்பதையே மாற்றியிருந்தார். அப்படிப்பட்டவர் எதற்காகக் குழந்தைகள் ஊதுகிற குழலை எடுக்க வேண்டும்? நகைச்சுவைக்குத்தான். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வாசிப்பதைக் கேட்டால் கார்னெட்டில் இருந்த அதே காலப்பிரமாணம், பின்தங்குவது போலத் தங்கிச் சட்டென்று போய்ச் சேருகிற அதே சாமர்த்தியம். அழகு வந்ததனால் வேடிக்கை குறைந்துவிடவில்லை. இரண்டில் எதற்காக நாம் புன்னகை செய்கிறோம் என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. பிரிக்க முடிந்தவர்கள் விமர்சகர்கள், நான் குமாஸ்தா.

சறுக்குகிற சுருதியைப் பார்த்து மிரண்டவர்கள் நம் நண்பருக்கு முன்னாலும் உண்டு. 1936 ஜனவரி 26-ந் தேதி ஸ்டாலின் ஷாஸ்டகோவிச்சின் 'லேடி மேக்பத்' ஆபராவுக்குப் போனார். அதில் ஒரு படுக்கையறைக் காட்சி. நடப்பதை மேடையில் காட்டத் தேவையில்லாதபடி ட்ராம்போன்கள் சறுக்கிச் சறுக்கிச் சொல்லிவிடுகின்றன. காரியம் முடிந்த பிறகு தொய்வதையும் அவையே சொல்கின்றன. சபைக்குச் சிரிப்பு வரும். ஸ்டாலின் கடைசி வரை உட்காரவில்லை. இரண்டு நாள் கழித்துப் பிராவ்தாவில் கையெழுத்தில்லாத ஒரு கட்டுரை வந்தது. இது சங்கீதமல்ல குழப்பம் என்ற தீர்ப்பு. ஆபரா மேடையை விட்டு இறங்கியது. அதை எழுதியவர் வருஷக்கணக்கில் பயந்துகொண்டு வாழ்ந்தார். நண்பரை ஸ்டாலினோடு ஒப்பிடுகிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவருக்கு அவ்வளவு அதிகாரம் கிடையாது. இந்த இதழின் பக்கங்கள் நாற்பத்தெட்டு. ஆனால் கனமான விஷயத்தில் சிரிப்பு வந்துவிட்டால் அது எதிரியின் வேலை என்று சந்தேகிக்கிற மனம் ஒன்று இருக்கிறது. அது ஆள்பவனிடம்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

இவ்வளவு சொன்னவன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த விசில் நூறில் தொண்ணூறு தடவை மோசமான காரியத்துக்குத்தான் பயன்பட்டிருக்கிறது. மௌனப் படக் காலத்தில் கொட்டகையில் டிரம் வாசிக்கிறவரின் பொறுப்பில் ஒரு மூட்டை சில்லறைச் சாமான்கள் இருக்கும். வாத்துச் சத்தம், கிலுகிலுப்பை, மணி, விசில். திரையில் யாராவது விழுந்தால் விசிலை இழுப்பார். அது ஒரு தொழில். அதில் நேர்த்தி இருந்தது. பிறகு கார்ட்டூன்கள் அதை எடுத்துக்கொண்டன. அவற்றிடமிருந்து வானொலி நாடகமும் தொலைக்காட்சியும், நம் சினிமாவில் நகைச்சுவை நடிகர் உதை வாங்குகிற காட்சிகளும் வாங்கிக்கொண்டன. இங்கே விசிலுக்கு ஒரே அர்த்தம்: இப்போது சிரி. இது உத்தரவு. காட்சி தானாகச் சிரிக்க வைக்காது என்பது எடுத்தவர்களுக்கே தெரியும், ஆகையால் விசில். நண்பருக்கு விசிலின் மேல் வெறுப்பு வந்தது இங்கிருந்துதான் என்றால் அந்த வெறுப்பில் நானும் பங்குதாரன். ஆனால் அதே அளவுகோலைப் பிடிக்கப்போனால் வயலினுக்கும் இடமில்லை. தாய் இறந்த காட்சியில் இப்போது அழு என்று எத்தனை ஆயிரம் வயலின்கள் உத்தரவிட்டிருக்கின்றன? வயலினை யாரும் பொம்மை என்று திட்டவில்லை. அழச் சொல்கிற உத்தரவுக்கு நாம் மரியாதையாகப் பணிந்துபோகிறோம். போலிக் கண்ணீர் நிறைந்த எத்தனை இரங்கற் கவிதைகள் இதே இதழில் கௌரவமாக வந்திருக்கின்றன என்று நான் எண்ணத் தொடங்கினால் நட்பு கெடும். என்னுடையதும் ஒன்று உண்டு.

உத்தரவாக இல்லாத கோமாளித்தனத்துக்கும் உதாரணம் சொல்ல வேண்டும். 1940-களில் ஸ்பைக் ஜோன்ஸ் என்ற அமெரிக்கர், அவரும் ஒரு டிரம்காரர்தான், காதல் பாட்டுகளை எடுத்துத் துப்பாக்கியாலும் மாட்டு மணியாலும் விசிலாலும் அடித்து நொறுக்கினார். நொறுக்கியது தாளம் தப்பாமல். பாட்டு எவ்வளவு பொய் என்பது அந்தச் சத்தங்கள் நடுவில்தான் தெரிகிறது. அதை நான் விமர்சனம் என்பேன். 1972-லிருந்து பிபிசி வானொலியில் வருகிற 'ஐயாம் ஸாரி ஐ ஹாவன்ட் எ க்ளூ' என்ற நிகழ்ச்சியில் ஒருவர் ஸ்வானி விசிலும் மற்றவர் கஸூவும் வைத்துக்கொண்டு பிரபலமான இரட்டையர் பாட்டை வரிக்கு வரி மாற்றி மாற்றி வாசிப்பது ஒரு அங்கம். காது கூசும். அதற்குப் பல ஆண்டுகள், 2008-ல் இறக்கும் வரைக்கும், முகத்தில் சலனமில்லாமல் தலைமை வகித்தவர் ஹம்ப்ரி லிட்டல்டன். இங்கிலாந்தின் முதல்தர ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர்களில் ஒருவர். அபஸ்வரத்தின் முழு ருசியும் சுருதி தெரிந்தவனுக்குத்தான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

கவிதை எழுதுகிறவர்கள் கேட்க வேண்டியது இன்னொன்று இருக்கிறது. குழந்தைகளுக்கானது. 1969-ல் பிபிசியில் ஆலிவர் போஸ்ட்கேட்டும் பீட்டர் ஃபிர்மினும் செய்த 'கிளாங்கர்ஸ்'. நிலாவைப் போன்ற ஒரு சின்னக் கோளத்தில் வாழ்கிற, நூலால் பின்னிய எலி மாதிரி பொம்மைகள். அவற்றுக்குப் பாஷை இந்த விசில்தான். போஸ்ட்கேட் என்ன செய்தார் என்றால், ஒவ்வொரு பாத்திரத்துக்கும் முழு ஆங்கில வசனம் எழுதினார். பிறகு அந்த வசனத்தின் ஏற்ற இறக்கத்தை அப்படியே விசிலில் வாசிக்கச் செய்தார். ஓரிடத்தில் கதவு சிக்கிக்கொள்கிறது; பெரியவர் அலுத்துக்கொண்டு ஒரு கெட்ட வார்த்தை சொல்கிறார். விசிலில்தான். ஆனாலும் எழுத்துப் பிரதியைப் பார்த்த பிபிசிக்காரர்கள் ஆட்சேபித்தார்களாம். இன்னொன்றும் அவர் சொல்லியிருக்கிறார். விளக்கக் குரலை எடுத்துவிட்டு ஜெர்மனியில் வெளிநாட்டுத் தொலைக்காட்சிக்காரர்களுக்கு ஒரு படத்தைப் போட்டுக் காட்டிப் புரிந்ததா என்று கேட்டபோது, சுத்தமான ஜெர்மனில் பேசுகின்றனவே என்றார் ஒருவர். இல்லை, ஸ்வீடிஷ் என்றார் இன்னொருவர்.

வார்த்தையைக் கழித்த பிறகும் வாக்கியம் மிஞ்சுகிறது. கோபம், கெஞ்சல், சலிப்பு, கேள்வி எல்லாம் மிஞ்சுகின்றன. யாப்பைத் துறந்துவிட்டோம் என்று சொல்லிக்கொள்கிற புதுக்கவிதைக்காரர்களில் எத்தனை பேருடைய வரிகளை இந்த விசிலில் வாசித்துக் காட்ட முடியும்? பெரும்பாலான கவிதைகளில் கம்பி அசையாது. ஒரே சுருதியில், வானொலிச் செய்தி மாதிரி, இருண்மை. நண்பர் தீவிரம் என்று சொல்வது பல சமயங்களில் இந்த அசையாமைதான். அந்த இளைஞருடைய கவிதையில் குரல் நகர்கிறது. சங்கு விழுகிற வரியில் வாக்கியமும் விழுகிறது. பாட்டி வருகிற இடத்தில் மறுபடியும் எழும்பி, பாதியில் நிற்கிறது. இதைக் காதால் கேட்காமல் கண்ணால் மட்டும் படித்தவருக்கு விசில் என்று தோன்றியதில் ஆச்சரியமில்லை. சரியாகத்தான் கேட்டிருக்கிறார். கேட்டது என்ன என்றுதான் தெரியவில்லை.

கடைசியாக லிகெட்டி. ஜார்ஜி லிகெட்டி 1923-ல் டிரான்ஸில்வேனியாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நாஜி முகாம்களில் அவருடைய தகப்பனாரும் தம்பியும் இறந்தார்கள்; தாயார் அவுஷ்விட்ஸிலிருந்து உயிரோடு திரும்பினார். சாவைப் பற்றிப் பேச இவரைவிட அதிக உரிமை உள்ளவர் நம் வட்டத்தில் யாருமில்லை என்று நினைக்கிறேன். சாவைப் பற்றி அவர் எழுதிய ஆபரா 'ல கிரான் மகாப்ர்', 1978-ல் ஸ்டாக்ஹோமில் அரங்கேறியது. திரை விலகுவதற்கு முன் அதில் முதலில் கேட்பது பன்னிரண்டு கார் ஹாரன்கள். பாம் பாம் என்று ரப்பர் பந்தை அமுக்குகிற பழைய ஹாரன். உலகத்தை அழிக்க வந்த யமன் அதில் குடித்துவிட்டுக் காரியத்தைக் கோட்டைவிடுகிறான்.

ஆபரா கேலிதானே என்று நண்பர் சொல்வாரானால், 1990-களின் தொடக்கத்தில் லிகெட்டி முடித்த வயலின் கன்செர்ட்டோவைக் கேட்கட்டும். அது கேலியே இல்லை. அதன் ஆர்கெஸ்ட்ராவில் ஸ்வானி விசில் இருக்கிறது, ஒகரீனாவும் இருக்கிறது. ஒகரீனா என்பது இத்தாலியில் 1853 வாக்கில் டொனாட்டி என்பவர் இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்த சுட்ட களிமண் ஊதல். பெயருக்கு அர்த்தமே வாத்துக் குஞ்சு. இரண்டாவது பகுதியில் வயலின் தனியாக ஒரு பழைய நாட்டுப் பாடல் மாதிரியான மெட்டை வாசித்துக்கொண்டு போகிறது. பிறகு மரக்குழல் வாசிக்கிறவர்கள் தங்கள் விலையுயர்ந்த வாத்தியங்களைக் கீழே வைத்துவிட்டு இந்தக் களிமண் ஊதல்களை எடுத்து, ஒரு கோயில் கீதம் போல அதையே சேர்ந்து வாசிக்கிறார்கள். சுருதி முழுசாகச் சேரவில்லை. சேரக் கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பொம்மைகள். எங்கேயோ தொலைவில், எப்போதோ, யாரோ ஒரு ஊரே சேர்ந்து பாடின மாதிரி இருக்கிறது. அந்த ஊர் இப்போது இல்லை என்பதும் தெரிகிறது. நான் முதல் தடவை கேட்டபோது சிரித்தேன். ஊதல்கள் நுழைகிற இடத்தில், வாய்விட்டு. அடுத்த அரை நிமிஷத்தில் என்ன ஆயிற்று என்பதை எழுதப்போவதில்லை. பாட்டிக்கு ஆனதுதான்.

இப்போது நடப்புக்கு வருகிறேன். அந்த இளைஞர் அனுப்பிய இன்னும் ஐந்து கவிதைகள் ஆசிரியர் குழுவிடம் நாலு மாதமாக இருக்கின்றன. நண்பருடைய கடிதத்துக்குப் பிறகு அவற்றை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். விசாரித்தபோது, பக்கம் இல்லை என்று பதில் வந்தது. சென்ற இதழில் நண்பர் கடிதத்துக்கு நாலு பக்கம் இருந்தது.

அந்தக் கவிதையைப் போன மாதக் கூட்டத்தில் இளைஞரே வாசித்தார். மொட்டை மாடியில், பதினோரு பேர். நண்பர் என் எதிரில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சங்கு ஊதுகிறவர் விழுகிற வரி வந்தது. நண்பர் சிரித்தார். சத்தமாக, தலையைப் பின்னால் சாய்த்து, எல்லோருக்கும் முதலில். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வீட்டுக்குப் போய்க் கடிதம் எழுதினார். அந்த ஐந்து கவிதைகளுக்கும் அடுத்த இதழில் இடம் வேண்டும். இடம் போதாவிட்டால் இந்தக் கட்டுரையில் ரவெலைப் பற்றிய பத்திகளையும் ஸ்டாலினையும் எடுத்துவிடலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.